படகில் எழுதிய பேர்

நிறஞ்சலா புருஷனை விட்டு வெளிக்கிட்டது இது நாலாம் தரம். முதல் தரம் அம்மா வீட்டில் பதினொரு நாள் இருந்தாள். இரண்டாம் தரம் தாழ்வுபாட்டில் தங்கச்சி வீட்டில் ஒரு மாதமும் சொச்சமும். மூன்றாம் தரத்தைக் கணக்கில் எடுக்கவே அவளுக்கு வெட்கம். காலையில் போனவள் பின்னேரம் உலை வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிட்டாள். ஆகவே நாலாம் தரம் மகள் பிறின்சியையும் ஒரு பயணப் பையையும் இழுத்துக்கொண்டு நானாட்டானில் போய் இறங்கியபோது, பேசாலையில் ஒருவரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "வருவா, எங்க போறது" என்றார்கள்.

ஊர் சொன்னதில் பிழையில்லை. அவளுக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. புருஷன் றெனால்ட் தேடி வந்து அடிப்பான் என்று அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஒரு நாள் தானே எழும்பி, முகம் கழுவி, பஸ் ஏறிப் போய்விடுவேன் என்றுதான் பயந்தாள். மற்ற மூன்று தரமும் அவளை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. அவளாகத்தான் போனாள்.

றெனால்டைப் பற்றிப் பேசாலையில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் நல்ல பிள்ளை என்பார்கள். பத்தாவது ஆள் நிறஞ்சலா. அவளும் அதையேதான் சொன்னாள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. கடலில் ஒரு படகு இஞ்சின் பழுதாகி நின்றால் தன் தொழிலை விட்டுவிட்டு இழுத்து வரப் போகிறவன். கோயில் திருவிழாவில் மாதாவின் சுரூபக் கூடு தூக்க முதல் தோள் கொடுப்பவன். அடி எல்லாம் வீட்டுக்குள்தான். தங்கச்சி வீட்டில் அரை மணித்தியாலம் கூட நின்றதற்கு, போனில் யாரோடோ சிரித்ததற்கு, சிரிக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததற்கு. ஒரு தரம் உட்காரும் கதிரையின் காலைக் கழற்றி அடித்ததில் அவளுடைய இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. ஆஸ்பத்திரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். கேட்ட தாதி நம்பவில்லை என்பது தெரிந்தும் சொன்னாள்.

அடித்த மறுநாள்தான் வேடிக்கை. மறுநாள் றெனால்ட் புது மாப்பிள்ளை. கரைக்கு வந்த விளைமீனில் வடிவானதை ஏலத்துக்குப் போகவிடாமல் எடுத்து வந்து, தானே வெட்டித் தானே சொதி வைப்பான். நல்லெண்ணெயைச் சூடாக்கி, கன்றிப்போன இடத்தில் பூப்போலத் தடவுவான். தடவும்போது அழுவான். "என்ர கை அழுகிப் போகட்டும் நிறஞ்சி" என்பான். அவள் உடனே அவன் வாயைப் பொத்துவாள். அந்த ஒரு கிழமைக்கு அவளைப் போல ஒரு சீமாட்டி அந்தக் கரையிலேயே கிடையாது. மோட்டார் சைக்கிளில் முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, மடு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார்கள். பார்க்கிறவர்கள் கண்படும் என்பார்கள்.

"கோவம் வந்தா மட்டும்தான் அவர் மனிசன் இல்ல. மற்றபடி தங்கம்" என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாள். தங்கம் கதிரைக் காலைக் கழற்றுமா என்று தங்கச்சி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் அந்த விளைமீன் சொதியில் ஒரு கோப்பை குடித்தவள்தானே.

கரையில் பிறந்த பெண்களுக்குக் காற்றுப் பார்ப்பது ரத்தத்தில் ஊறியது. வாடை எழும்பப் போகிறதா, கச்சான் இன்றைக்கு இளகுமா என்று குசினி வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள். காற்றோடு ஒருவரும் நியாயம் பேசுவதில்லை. எழும்பினால் படகை மேலே இழுத்துவிட்டு, அடங்கும்வரை காத்திருந்து, அடங்கியதும் கடவுளுக்கு நன்றி சொல்லிக் கடலுக்குப் போவார்கள். நிறஞ்சலா தன் புருஷனையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தாள். மோட்டார் சைக்கிளை அவன் நிறுத்துகிற சத்தத்திலேயே வீட்டின் நிலவரம் அவளுக்குத் தெரியும். அதில் ஒரு கெட்டித்தனமும் இருப்பதாக நினைத்தாள். வயற்காரி என்றால் களை என்று எப்போதோ பிடுங்கி எறிந்திருப்பாள். கரைக்காரி, அடங்கும் என்று பதின்மூன்று வருடம் காத்திருந்தாள்.

அவளை நாலாம் தரம் வெளிக்கிட வைத்தது அடி இல்லை. அன்றைக்கு வீட்டில் நல்ல நாள். றெனால்ட் பாட்டு முணுமுணுத்தபடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிறஞ்சலா மகளிடம், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு இப்போதே அப்பாவிடம் கேட்கும்படி சொன்னாள். பதினொரு வயதுப் பிறின்சி வாசல் வரைக்கும் போய், தகப்பனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இண்டைக்கு வேண்டாம் அம்மா. இண்டையோட அஞ்சு நாள் நல்லா இருந்திட்டார். நாளைக்கோ நாளையிண்டைக்கோ வரும். வந்து முடியட்டும், அடுத்த நாள் கேட்டா ஓமெண்டுவார்."

அந்தப் பிள்ளை அழவில்லை, பயப்படவும் இல்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னது. மறுநாள் றெனால்ட் கடலுக்குப் போன கையோடு நிறஞ்சலா பையைக் கட்டினாள்.

அம்மா வீடும் தங்கச்சி வீடும் ஏற்கெனவே பார்த்த வழிகள்; இரண்டுமே பேசாலைக்குத்தான் திரும்பின. இந்தத் தரம் கடலே தெரியாத இடத்துக்குப் போக நினைத்தாள். நானாட்டானில் வசந்தமலர் இருந்தாள். அரிசியும் மிளகாயும் அரைக்கிற சின்ன மில் ஒன்று வைத்திருந்தவள், கருவாடு வாங்கப் பேசாலைக்கு வந்துபோன பழக்கம். நிறஞ்சலாவை விட ஐந்தாறு வயது மூத்தவள், ஊர்க்கதை பேசாதவள். "மில்லுக்குப் பக்கத்தில ஒரு அறை சும்மா கிடக்கு. மா அரிச்சுப் பை கட்ட எனக்கும் ஆள் வேணும். இருங்கோ" என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்கவில்லை.

எட்டு மாதம் போயிற்று. பிறின்சி புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். வயலில் விதைப்பும் முடிந்து கதிரும் முற்றி, அறுவடை மெஷின்கள் றோட்டை அடைத்துக்கொண்டு திரிந்தன. வெளியில் பார்க்கிறவருக்கு நிறஞ்சலா தேறிவிட்டாள். உள்ளுக்குள் அவள் தேறவேயில்லை. மில் ஓடும்போது அந்த இரைச்சலுக்குள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, றெனால்ட் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்பாள். "என்ர நிறஞ்சி, நீ இல்லாம சோறு இறங்குதில்ல." ஒரே பதிவை இருபது தரம் கேட்பாள். அவனுடைய இலக்கத்தை மறித்து வைப்பாள். இரண்டு நாளில் தானே திறந்துவிடுவாள். உள்ளதைச் சொன்னால், அந்த அடிகளை நினைத்து அவள் ஒரு நாளும் ஏங்கவில்லை, அந்த எண்ணெயை நினைத்துத்தான் ஏங்கினாள். இதை யாரிடம் சொல்ல முடியும்? செருப்பால் அடித்தவனுக்கு ஏங்குகிறாளே என்று காறித் துப்ப மாட்டார்களா?

வசந்தமலர்தான் பிரதேச செயலகக் கந்தோரில் இருந்த உளவளத்துணை உத்தியோகத்தரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமைகளில் சந்திப்பு. உத்தியோகத்தர் நிறஞ்சலாவை விடச் சின்னப் பெண். நாலைந்து கிழமை பேச்செல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் அந்தப் பெண் கேட்டாள்.

"அக்கா, அவர் உங்களோட நல்லா இருந்த நாளுகளைச் சொல்லுங்கோ."

நிறஞ்சலா முகம் மலரச் சொன்னாள். மடுவுக்குப் போனது, நீலச் சாறி வாங்கித் தந்தது, விளைமீன் சொதி, அவள் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்தது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது.

"சரி அக்கா. இப்ப ஒவ்வொண்டுக்கும் முதல் நாள் என்ன நடந்தது?"

நிறஞ்சலா வாயைத் திறந்தாள், மூடினாள். நீலச் சாறிக்கு முதல் நாள் முழங்கை. மடுவுக்கு முதல் நாள் உதடு. பேன் பார்த்தது, அந்தத் தலையையே சுவரில் மோதிய பிறகு.

"அடிக்கிற கையிட்டயே ஆறுதலையும் தேடுற மாதிரி ஒரு கட்டு விழும் அக்கா. உங்களுக்கு மட்டுமில்ல, கனபேருக்கு. உள்ளுக்க இருக்கிற ஆளுக்கு அது அன்பு மாதிரியேதான் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

நிறஞ்சலாவுக்கு வந்ததே கோபம். "எனக்கெண்டு இருக்கிறது அந்த நாலு நல்ல நாள்தான். அதையும் புடுங்கப் பாக்கிறா" என்று வசந்தமலரிடம் வெடித்தாள். அடுத்த செவ்வாய் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை சந்தியோகு மாமா வந்தார். றெனால்டின் பெரியப்பா, மீனவர் சங்கத்தில் பெரிய ஆள், சத்தம் போட்டுப் பேசாத, மரியாதையான மனிசன். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். புதுப் படகு, மணலில் நிற்கிறது. நீல வர்ணம். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில், ஒரு முழ உயரத்தில், நிறஞ்சலா என்று எழுதியிருந்தது.

"மாதாவின்ர பேர் வையடா எண்டு சொன்னனாங்கள் பிள்ளை. கேக்கேல்ல. இதுதான் என்ர மாதா எண்டு சொல்லிப்போட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சுவாமி வந்து மந்திரிக்கிறார்."

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படகைப் பங்குக் குருவான சுவாமி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்ததும், வீட்டுக்காரி அணியத்தில், அதுதான் படகின் முன் மூக்கில், மெழுகுதிரி கொளுத்தி வைப்பாள். அது எரிந்து முடிந்த பிறகுதான் படகைத் தண்ணீரில் இறக்குவார்கள். படகுக்காரனே கொளுத்தினால், வீட்டில் பெண் இல்லை என்று கரை முழுவதுக்கும் பறையறைந்த மாதிரி.

"நீ வந்து அந்தத் திரியைக் கொளுத்து பிள்ளை, மற்றதெல்லாம் தன்பாட்டில சரிவரும். கோயில்ல கைப்பிடிச்சனீங்கள்."

கடற்கரை முழுவதும் படகுகளில் எழுதியிருக்கிற புனிதர்களின் பேர்களுக்கு நடுவில் தன் பேர். இதுவரை வந்ததெல்லாம் மீனும் சாறியும். இது ஊரறிய வந்தது. நிறஞ்சலாவுக்கு உடம்பெல்லாம் உருகிப் போயிற்று. எட்டு மாத வைராக்கியம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வாறன் மாமா" என்றாள்.

வசந்தமலரிடம் சொல்லும்போது சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனாள். வசந்தமலர் சண்டை பிடிக்கவில்லை. "நான் மறிக்கேல்ல. நீங்கள் போனாலும் அந்த அறையை ஆருக்கும் குடுக்கமாட்டன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மிளகாயைக் கொட்டினாள். பிறின்சி தன் புத்தகங்களை எடுத்து, கொண்டுபோவதையும் இங்கேயே விடுவதையும் தனித்தனியாக அடுக்கினாள். எட்டு மாதமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள்: பேசுமுன் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை நிறஞ்சலா பாட்டும் சிரிப்புமாக இருந்தாள். போகமுன் வசந்தமலர் குடும்பத்துக்கு ஒரு நேரம் நல்ல கறி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று, மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வரும் ரிஸ்கானை மறித்தாள். பெட்டியில் கெளிறு இருந்தது. மீசை வைத்த வழுவழுப்பான மீன். செட்டையில் விஷ முள்.

"முள்ளை முறிச்சுத் தரட்டே அக்கா?" என்றான் ரிஸ்கான்.

"பேசாலைக்காரிக்கு கெளிறு வெட்டக் காட்டித் தரப்போறியோ? கொண்டா தம்பி."

வாயால் வந்த வினை. கண் மீனிலும் மனம் அடுத்த நாள் கரையிலும் இருந்தால் யாருக்குத்தான் குத்தாது. பெருவிரல் அடியில் முள் ஏறியது. கெளிறு குத்தினவருக்குத்தான் அந்த வலி தெரியும். கை வழியாக ஏறித் தோளைப் பிடித்து, பல்லைக் கிட்டவைக்கும். பதறிப்போன வசந்தமலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறஞ்சலாதான் கத்தினாள்: "சுடுதண்ணி அக்கா! தாங்கக்கூடிய சூட்டில, கெதியா!"

சட்டியில் கையை வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கியது. தோளை விட்டது, முழங்கையை விட்டது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். உலகத்தில் உள்ள எல்லாரையும் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

"என்ன சுகம் அக்கா! சொன்னா நம்பமாட்டியள், சும்மா கிடந்த கைக்கு ஒரு நாளும் இப்பிடிச் சுகம் இருந்ததில்ல."

"சரிதான்" என்றாள் வசந்தமலர், கரியடுப்பில் அடுத்த சட்டித் தண்ணீரை வைத்தபடி. "அப்ப குத்தின கெளிற்றுக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுங்கோ."

பகிடிக்குத்தான் சொன்னாள். நிறஞ்சலாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வலி குபீரென்று திரும்பி வந்தது. மறுபடி வைத்தாள், இறங்கியது. மறுபடி எடுத்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று வசந்தமலர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சும்மா கிடந்த கைக்கு இந்தச் சுகம் கிடையாது. குத்துப்பட்ட கைக்குத்தான் கிடைக்கும். எண்ணெய் தடவிய அந்த மறுநாள்கள், உலகத்தில் எந்தப் பெண்சாதிக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்தது என்று அவள் பொத்தி வைத்திருந்த அந்தச் சந்தோஷம், இதுதானா? வலி இறங்கினதுதானா? பதின்மூன்று வருடம் அதையா புருஷன் என்று கும்பிட்டாள்? கந்தோர்ப் பெண் கேட்டபோது வாய் மூடிக்கொண்ட பதில் இப்போது கட்டை விரலில் விண் விண் என்று தெறித்தது.

"அவர் ஒரு நாளும் சும்மா எண்ணெய் தேய்ச்சுவிட்டதில்ல அக்கா" என்றாள். "ஒரு காயமும் இல்லாம, சும்மா, ஒரு நாளும்."

பிறகு வாய்விட்டு அழுதாள். வசந்தமலர் தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தாள். மீனை அவள்தான் வெட்டினாள், மகா மோசமாக.

தெரிந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் பாக்கியசாலிகள். நிறஞ்சலாவுக்குத் தீரவில்லை. அன்று பின்னேரமும், மாமா அவளுடைய போனுக்கு அனுப்பிவிட்டுப் போன அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பார்த்தாள். எழுத்து இன்னும் வடிவாகத்தான் இருந்தது. நெஞ்சு இன்னும் உருகத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டவென்று தேய்த்து மினுக்கி வைத்த சாறியை மடித்து உள்ளே வைக்கக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கெல்லாம் சந்தியோகு மாமா ஓட்டோவோடு வந்து நின்றார். நிறஞ்சலா வீட்டுச் சட்டையோடு, விரலில் துணி சுற்றியபடி வேலிப் படலைக்கு வந்தாள். பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இன்னும் வெளிக்கிடேல்லையோ? சுவாமி பத்து மணிக்கு வந்திடுவார்."

"நான் வரேல்ல மாமா."

"வியாழக்கிழமை ஓமெண்டனீ."

"ஓம். சொன்னனான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"உனக்கு அவனில விருப்பமில்லையெண்டு சொல்லு, நான் ஒரு கதையும் பேசாமப் போறன்" என்றார். அவர் வலை வீசத் தெரிந்தவர். அவள் முகத்தைப் பார்த்துத்தான் வீசினார்.

நிறஞ்சலா படலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வருடம் கிணற்றடி, வாசற்படி என்று சொல்லாத பொய்யா?

"விருப்பம் இருக்கு மாமா" என்றாள். "இப்ப இந்த ஓட்டோவில ஏறச் சொல்லி நெஞ்சு கிடந்து அடிக்குது. அவ்வளவு விருப்பம். அதாலதான் வரேல்ல."

சந்தியோகு மாமாவுக்கு இது விளங்கவில்லை. விருப்பமில்லாததால் வராத பெண்களை அவர் பார்த்திருக்கிறார். சமாதானம் பேசி அனுப்பியும் இருக்கிறார்.

"அப்ப ஆர் பிள்ளை மெழுகுதிரி கொளுத்திறது? ஊரெல்லாம் கரையில நிக்குமே."

"அவரே கொளுத்தட்டும் மாமா. ஊர் பாக்கட்டும்."

ஓட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய், வயல் திருப்பத்தில் மறைந்தது. அது மறையும்வரைக்கும் அவளுக்குக் கூப்பிடத்தான் வாய் வந்தது. கூப்பிடவில்லை. அறைக்குள் போய்ப் போனை நிறுத்தி, அதை வசந்தமலரின் கையில் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை கந்தோருக்குத் தன்னை இழுத்துக்கொண்டாவது போகும்படி சொன்னாள். பத்து மணிக்கு நிலத்தில் குந்தி, சாறியை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

செத்த வீட்டில் அழுவது போல அழுதாள். போகாததற்காக அழுதாளா, இத்தனை வருடம் போய்க்கொண்டே இருந்ததற்காக அழுதாளா என்றால் அவளுக்கே தெரியாது. பிறின்சி வந்து பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது என்றாள். பிறகு தானே எழும்பிப் போய் வசந்தமலரிடம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அழுகை ஓய்ந்தபோது மத்தியானம் பன்னிரண்டரை. பேசாலைக்குப் போகிற பஸ் இரண்டு போயிருந்தது, நிறஞ்சலா நானாட்டானில்தான் இருந்தாள்.